லாரியின் டீசல் பம்பைக் கைவசமுள்ள கருவிகளால் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொல்லப்படுபவை எந்த வண்டிகளுக்குப் பொருந்தும்?

இன்லைன் வகை டீசல் பம்பு கொண்ட பழைய டாடா, அசோக் லேலண்ட் லாரிகளுக்கும், அதே அமைப்புள்ள பிற கனரக வண்டிகளுக்கும் பொருந்தும். ஆறு சிலிண்டர் இன்ஜின் என்றால் ஆறு எலிமென்ட்டுகள் (டீசலைத் தள்ளும் சிறு பம்புகள்) ஒரே வரிசையில் நிற்க, அடியில் சுழலும் கேம்ஷாஃப்ட் அவற்றை முறைவைத்துத் தூக்கி, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஒவ்வொரு நாசிலுக்கும் தனித்தனிப் பைப்பு வழியாக டீசலை அனுப்பும் பம்பு அது. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1927-இல் தொழிற்சாலை முறையில் தயாரிக்கத் தொடங்கிய இந்த அமைப்பை, நம் நாட்டில் 1951-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனம் லாரிகளுக்குச் செய்து கொடுத்தது. அந்த நிறுவனம் 2008-இல் போஷ் லிமிடெட் என்று பெயர் மாற்றிக்கொண்டதால், பம்பின் தகட்டில் மைக்கோ என்றும் உதிரிபாகத்தின் அட்டையில் போஷ் என்றும் இருந்தால் குழம்ப வேண்டியதில்லை.

2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 4 விதி நடைமுறைக்கு வந்தபின் பெரும்பாலான லாரிகள் காமன் ரயில் முறைக்கு (எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை அழுத்தத்தில் வைத்து, கம்ப்யூட்டர் மூலம் செலுத்தும் முறைக்கு) மாறின. அந்த வண்டிகளைப் பற்றித் தனியே ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

முறையான கருவிகள் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது சரியா?

வேலையை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். பம்பைக் கழற்றுவதும் மாட்டுவதும் நட்டு, போல்ட்டு சம்பந்தப்பட்டவை; அவற்றில் மாற்றுக் கருவியால் பெரிய கேடு வராது. டைமிங் வைப்பது, அதாவது டீசல் சிலிண்டருக்குப் போகும் நேரத்தைச் சரிசெய்வது, கவனம் சார்ந்தது. அதற்குத் தேவையான கருவியைப் பழைய பைப்பிலிருந்தும் கம்பியிலிருந்தும் செய்துகொள்ளலாம். பம்பின் உட்பகுதியைப் பிரித்து எலிமென்ட் மாற்றுவதும் அளவு சரிசெய்வதும், பம்பை ஓட்டி அளவு பார்க்கும் டெஸ்ட் பெஞ்ச் இல்லாமல் யாராலும் ஆகாதவை. எலிமென்ட்டில் டீசலைத் தள்ளும் பிளஞ்சருக்கும் அது ஏறி இறங்கும் பேரலுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்குதான். ஆகவே பெஞ்சில் அளவு பார்த்து வந்த பம்பைச் சாலையோரத்தில் மாட்டலாம். பம்பைச் சாலையோரத்தில் பிரிக்கக் கூடாது.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு லாரிகள் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே பல நாள் ஓடுகிறவை. நாக்பூருக்கும் ஜபல்பூருக்கும் இடையில் சிவ்னி பக்கத்துக் காட்டுச் சாலையில் வண்டி நின்றுவிட்டால், இழுத்துப்போகும் செலவைவிட ஊரிலிருந்து சரிபார்த்த பம்பைப் பார்சலில் வரவழைத்து நின்ற இடத்திலேயே மாற்றுவது மலிவு. இந்த வேலை சாலையோரத்தில் நடப்பதற்குக் காரணம் சாகசம் அல்ல, கணக்கு.

பம்புதான் கெட்டது என்று எப்படி உறுதி செய்வது?

பெரும்பாலும் பம்பு கெட்டிருக்காது என்ற எண்ணத்தோடு தொடங்குவது நல்லது. முதலில் டீசல் வந்து சேர்கிறதா என்று பாருங்கள்: டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கலாம், டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தரும் ஃபீட் பம்பின் சல்லடையில் கசடு தேங்கியிருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் வெடித்துக் காற்றை உறிஞ்சலாம். ஸ்டாப் கேபிள் பாதி இழுபட்ட நிலையில் சிக்கியிருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதற்காகப் பம்பைக் கழற்றிய வீண் வேலைகளும் உண்டு.

இவற்றில் டேங்க் முதல் ஃபீட் பம்பு வரையுள்ள கோளாறுகளை ஒரே அடியில் ஒதுக்கிவிட ஒரு வழி இருக்கிறது. சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் வடிகட்டிய டீசலை ஊற்றிக் கேபினுக்கு மேலே கட்டி, அதிலிருந்து ஒரு ஹோஸை ஃபில்டரின் உள்வழியில் கொடுத்து, ஏர் எடுத்துவிட்டு (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றிவிட்டு) இன்ஜினைச் சுற்றிப் பாருங்கள். வண்டி நன்றாக ஓடினால் பம்பின் மீது குற்றமில்லை. டேங்கிலிருந்து ஃபீட் பம்பு வரையுள்ள வழியில்தான் கோளாறு. அப்படியும் ஓடாவிட்டால், பிரஷர் பைப்பு நட்டுகளை நாசில் பக்கம் ஒவ்வொன்றாகத் தளர்த்தி ஸ்டார்ட்டர் போடும்போது டீசல் துடித்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாப் பைப்பிலும் சொட்டுகூட வராமல் இருந்தால் ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்பின் தண்டு) ஸ்டாப் நிலையில் சிக்கியிருக்கிறது, அல்லது பம்பு ஷாஃப்ட்டே சுற்றவில்லை. பின்னதற்கு, இன்ஜினோடு பம்பு ஷாஃப்ட்டை இணைக்கும் கப்ளிங்கின் தகடு உடைந்ததும் காரணமாக இருக்கலாம். ஒரே ஒரு பைப்பில் மட்டும் வராவிட்டால் அந்த எலிமென்ட்டின் பிளஞ்சரோ, டீசலைப் பைப்புக்கு விடும் டெலிவரி வால்வோ போய்விட்டது. பம்பின் ஆயில் அளவு தானாக உயர்ந்து, தொட்டு முகர்ந்தால் டீசல் வாசனை அடித்தால், எலிமென்ட் தேய்ந்தோ ஃபீட் பம்பின் சீல் போயோ டீசல் கீழே இறங்குகிறது என்று பொருள்.

மாற்றுப் பம்பு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பக்கவாட்டில் ரிவெட் அடித்த தகட்டின் எண்ணை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். புகைப்படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. அந்த எண்ணுக்குள்ளேயே செய்தி இருக்கிறது. எடுத்துக்காட்டாக, பி.இ.எஸ். 6 ஏ 95 என்று தொடங்கினால், பி.இ. என்பது சொந்தக் கேம்ஷாஃப்ட் உடைய பம்பு என்பதையும், எஸ். என்பது முன்பக்கம் பிளாஞ்சால் (போல்ட்டுத் துளைகளுள்ள விளிம்பால்) மாட்டப்படுவது என்பதையும், 6 என்பது சிலிண்டர் எண்ணிக்கையையும், ஏ என்பது பம்பின் உருவளவையும், 95 என்பது பிளஞ்சரின் விட்டம் 9.5 மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். பின்னால் வரும் ஆர் அல்லது எல் என்ற எழுத்து சுழலும் திசை: ஷாஃப்ட் பக்கமிருந்து பார்க்கையில் ஆர் என்றால் கடிகார முள் போகும் திசை, எல் என்றால் எதிர்த் திசை. திசை மாறிய பம்பு பார்வைக்கு அப்படியே இருக்கும், போல்ட்டுகளும் பொருந்தும். ஆனால் நாசில்களுக்கு டீசல் போகும் வரிசை தலைகீழாகிவிடும்.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் தகடு தனியே இருக்கும். அதில் பொறித்துள்ள வேகம் பம்பின் வேகம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் பம்பு ஒரு சுற்றுதான் சுற்றும்; ஆகவே தகட்டில் 1250 என்றிருந்தால் இன்ஜின் கணக்கில் அது 2500. அதிக சக்தி கிடைக்குமென்று வேறு மாடல் வண்டியின் பம்பைத் தள்ளிவிடும் வியாபாரிகளிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். பிஸ்டன் உருகும்போது அவர்கள் பக்கத்தில் இருக்கமாட்டார்கள்.

கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை என்ன?

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பேட்டரியின் ஒரு கேபிளைக் கழற்றுங்கள். எச்சரிக்கைக்காகச் சாலையில் வைக்கும் கற்களையும் கிளைகளையும் கிளம்பும்போது எடுத்துவிடுங்கள். அவற்றில் மோதி இரவில் இருசக்கர வண்டிக்காரர்கள் விழுவது நம் சாலைகளில் அன்றாடம்.

அடுத்து, பம்பையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் டீசலும் பிரஷ்ஷும் கொண்டு கழுவ வேண்டும். ஒரு நட்டையும் தொடுவதற்கு முன் இதைச் செய்தாக வேண்டும். பைப்பு கழன்ற மறுநொடியில், டெலிவரி வால்வின் மேல் இருந்து பைப்பைத் தாங்கும் டெலிவரி ஹோல்டரின் வாய் திறந்து கிடக்கும். அதில் விழும் ஒரு மணல்துகள் புதுப் பம்பின் ஆயுளையே முடித்துவிடும். பைப்புகளின் இரு முனைகளையும் பம்பின் வாய்களையும் பாலித்தீன் துண்டால் மூடி, சைக்கிள் டியூபில் வெட்டிய வளையங்களால் இறுக்குங்கள். பஞ்சு வேஸ்ட்டைத் திணிக்கவே கூடாது, அதன் இழை நேராக நாசிலுக்குப் போகும்.

அதன்பின் முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் முடிவுக்கு, அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தி உச்சத்துக்கு வரும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். டேப்பட் மூடியைத் திறந்து, இன்ஜினை அது ஓடும் திசையிலேயே சுற்றிக்கொண்டு ஆறாவது சிலிண்டரின் இரு வால்வுகளையும் கவனியுங்கள். எக்ஸாஸ்ட் வால்வு மூடிக்கொண்டும் இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கியும் இரண்டும் ஒருசேர ஆடும் இடத்தில், முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சத்தில் இருக்கும். அதன் இரு வால்வுகளும் தளர்வாக இருப்பதைக் கையால் ஆட்டி உறுதிசெய்யலாம். இங்கிருந்து சற்றுப் பின்னே வந்து, பிறகு முன்னோக்கிச் சுற்றி ஃப்ளைவீல் அல்லது கிராங்க் புல்லியின் டைமிங் குறியில் நிறுத்துங்கள். அந்த நிலையில் பம்பின் கப்ளிங்கிலும் உடலிலும், பிளாஞ்சிலும் டைமிங் கேஸிலும் கூரிய உளியால் மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். பெயிண்ட் குறி டீசல் பட்டால் அழிந்துபோகும்.

எந்தக் கருவிக்கு எதை ஈடாக வைக்கலாம்?

பிரஷர் பைப்பு நட்டைச் சாதாரண ஓப்பன் ஸ்பேனர் வழுக்கி முனை மழுக்கிவிடும். முழு ரிங் ஸ்பேனரோ பைப்பில் நுழையாது. பழைய ரிங் ஸ்பேனரின் வாயில் பைப்பு நுழையும் அளவுக்கு ஆக்சா பிளேடால் ஒரு பக்கம் அறுத்தெடுத்தால் பைப்பு ஸ்பேனர் தயார். இன்ஜின் பக்கம் மறைந்திருக்கும் உள் நட்டுக்கு, ஒரு மலிவான ஸ்பேனரைப் பழுக்கக் காய்ச்சி வளைத்துக்கொள்வது எல்லாப் பட்டறைகளிலும் நடப்பது. அப்படி வளைத்த ஸ்பேனரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதே மாடலுக்கு அது காலமெல்லாம் உதவும்.

ஷாஃப்ட்டின் டேப்பர் பகுதியில் இறுகிய கப்ளிங்கை எடுக்கப் புல்லர் வேண்டும். அரை அங்குலக் கனமுள்ள இரும்புப் பட்டையில் கப்ளிங்கின் துளைகளுக்கு நேராக இரண்டு துளையும், நடுவில் ஒரு துளையும் போட்டு, நடுத்துளையின் மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து, அதில் நீண்ட போல்ட்டை முறுக்கினால் அது புல்லர்தான். போல்ட் ஷாஃப்ட்டின் முனையை நேராகத் தொடாதபடி நடுவில் செம்புத் துண்டோ பழைய நட்டோ வையுங்கள். முறுக்கி விறைப்பு ஏறியதும் போல்ட்டின் தலையில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் கப்ளிங் சத்தத்தோடு விடுபடும். ஷாஃப்ட்டையே அடித்துக் கழற்றுகிறவர்கள் பம்பின் பேரிங்கை அங்கேயே முடித்துவிடுகிறார்கள்.

செம்பு வாஷர்கள் கிடைக்காவிட்டால் பழையவற்றையே மெல்லிய எமரி காகிதத்தில் தேய்த்து, சிவக்கும்வரை சூடாக்கி, தண்ணீரில் போட்டெடுங்கள். செம்பு மறுபடியும் இளகி ஒட்டி மூடும். இரும்பைப் போலச் செம்பு தண்ணீரில் கடினமாவதில்லை.

இன்ஜினைச் சுற்ற கிராங்க் புல்லியின் நட்டில் சாக்கெட்டும் நீள பைப்பும் போதும். அதற்கு வழியில்லாதபோது ஃப்ளைவீலின் பார்வைத் துளை வழியாக ரிங் கியரின் பற்களைக் கடப்பாரை முனையால் தள்ளலாம். ஆனால் எந்த நேரத்திலும் இன்ஜினை ஸ்டார்ட்டரால் ‘கொஞ்சம்’ நகர்த்தி டைமிங் பார்க்கக் கூடாது, கை உள்ளே இருக்கும்போது அது விரலைப் பிடுங்கிவிடும்.

டார்க் ரெஞ்ச் இல்லாதபோது இறுக்கத்தை எப்படி அளப்பது?

காய்கறி நிறுக்கும் ஸ்பிரிங் தராசு ஒன்று போதும். கைப்பிடியில் நட்டின் மையத்திலிருந்து 50 செ.மீ. தொலைவில் தராசின் கொக்கியை மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக 10 கிலோ காட்டும்வரை இழுத்தால், அந்த நட்டுக்கு 5 கிலோகிராம்-மீட்டர், அதாவது சுமார் 49 நியூட்டன்-மீட்டர் கொடுத்ததாகும். பழைய சர்வீஸ் புத்தகங்களில் கிலோகிராம்-மீட்டர் கணக்கே அச்சாகியிருப்பதால் பெருக்கல்கூடப் பெரிதாகத் தேவைப்படாது. இந்தச் சிரமத்தை எல்லா நட்டுக்கும் எடுக்க வேண்டியதில்லை. கப்ளிங் நட்டுக்கும், கழற்றி மாட்டும் டெலிவரி ஹோல்டருக்கும் எடுத்தே ஆக வேண்டும்.

பம்பைத் தனியாளாகக் கீழே இறக்கலாமா?

ஆறு சிலிண்டர் பம்பு கவர்னரோடு சேர்ந்து பதினைந்து கிலோவுக்குக் குறையாது, பெரிய அளவு பம்புகள் இன்னும் கூடுதல். கடைசி போல்ட்டைக் கழற்றும் முன் சேஸிஸின் மேல் ஒரு பலகையை வைத்துப் பம்பைத் தாங்கிக்கொள்ளுங்கள், அல்லது கயிற்றால் கேபினிலிருந்து தொங்கவிடுங்கள். பிளாஞ்ச் வகைப் பம்பை நேர்கோட்டில் பின்னுக்கு இழுத்துத்தான் எடுக்க வேண்டும். சாய்த்து நெம்பினால் பிளாஞ்சின் காது உடையும்.

டைமிங்கை எப்படி வைப்பது?

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். டீசல் சொட்டுவதைப் பார்த்து டைமிங் வைக்கும் சொட்டு முறை, பலர் நினைப்பதுபோல் பட்டறைக் குறுக்குவழி அன்று. பம்பு செய்தவர்களே சொல்லிக்கொடுத்த முறை அது. அதற்கென்று விற்கப்படும் வளைந்த குழாய் மட்டும் நம்மிடம் இருக்காது. பழைய பிரஷர் பைப்பின் முனையிலிருந்து ஒரு சாண் நீளம் நட்டோடு அறுத்து, வாத்தின் கழுத்தாக வளைத்து, அறுத்த வாயைப் பிசிறில்லாமல் அரத்தால் தேய்த்துக் கழுவினால் அந்தக் குழாய் கிடைத்துவிடும்.

முதல் சிலிண்டரை, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் உச்சத்துக்குச் சுமார் 40 டிகிரி முன்பாக நிறுத்துங்கள். பம்பில் முதல் எலிமென்ட்டின் டெலிவரி ஹோல்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கையும் வால்வையும் எடுத்துச் சுத்தமான டீசல் உள்ள டம்ளரில் போட்டு மூடுங்கள். வால்வின் இருக்கை உள்ளேயே இருக்கட்டும். ஹோல்டரை மறுபடி மாட்டி, அதன்மேல் வளைந்த குழாயைப் பொருத்துங்கள். கேபினுக்கு மேலே கட்டிய கேனிலிருந்து பம்பின் உள்வழிக்கு டீசல் கொடுத்து, வெளிவழியை அடைத்துவிடுங்கள். மேலிருந்து இறங்கும் டீசலின் சிறு அழுத்தத்தால் டெலிவரி வால்வைத் தூக்க முடியாது என்பதால்தான் வால்வை எடுக்கிறோம். ஆக்ஸிலேட்டர் லீவரை முழுதாக இழுத்துக் கட்டி, ஸ்டாப் லீவர் ஓடும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். சில பம்புகளின் பிளஞ்சர் மேல்விளிம்பில் ஸ்டார்ட் செய்யும் நேரத்துக்கென்று ஒரு வெட்டு உண்டு. அவற்றில் ரேக்கை ஸ்டார்ட் நிலையிலிருந்து சற்று இழுத்து ஃபுல் லோடு நிலையில் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அளவு பிந்திக் காட்டும்.

இப்போது குழாயின் வாயிலிருந்து டீசல் இழையாக ஒழுகும். இன்ஜினை அது ஓடும் திசையில் மிக மெதுவாகச் சுற்றுங்கள். பிளஞ்சர் ஏறி உள்துளையை மூட மூட, ஒழுக்கு மெலிந்து, பின் அறுந்து சொட்டாகும். சொட்டுக்கும் சொட்டுக்கும் இடையில் பத்துப் பதினைந்து விநாடி ஆகும் இடத்தில் நிறுத்துங்கள். டீசல் செலுத்தத் தொடங்கும் புள்ளி அதுதான். இப்போது ஃப்ளைவீலைப் பாருங்கள்: புத்தகத்தில் உச்சத்துக்கு முன் எத்தனை டிகிரி என்று போட்டிருக்கிறதோ அது அம்புக்குறிக்கு நேராக நிற்க வேண்டும். தாண்டிவிட்டால் நேராகப் பின்னுக்குத் திருப்பி நிறுத்தாதீர்கள். கால் சுற்று பின்னே போய் மறுபடி முன்னோக்கி வரவேண்டும். கியர் பற்களின் இடையில் உள்ள ஆட்டம் ஒரே பக்கம் ஒதுங்கினால்தான் அளவு மெய்யாக இருக்கும்.

சரியில்லாவிட்டால் திருத்த வேண்டும். பிளாஞ்ச் வகையில் நீள்துளையின் போல்ட்டுகளைத் தளர்த்தி, பம்பின் உடலை அதன் ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் டைமிங் முந்தும், ஷாஃப்ட்டோடு சேர்ந்த திசையில் திருப்பினால் பிந்தும். கப்ளிங் வகையில் கப்ளிங் போல்ட்டுகளைத் தளர்த்தி, பம்பு ஷாஃப்ட்டை அது சுற்றும் திசையில் நகர்த்தினால் முந்தும். பம்பின் பக்கம் ஒரு டிகிரி என்பது இன்ஜினில் இரண்டு டிகிரி என்பதை நினைவில் வைத்து, சிறிது சிறிதாகவே நகர்த்துங்கள். இறுக்கியபின் இன்னொரு முறை சொட்டு பார்க்காமல் விடக்கூடாது. இறுக்கும்போதே பம்பு சற்று நகர்வது வழக்கம்.

முடிந்ததும் டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் மறக்காமல் மாட்டுங்கள். ஹோல்டரை அளவுக்கு மேல் இறுக்கினால் பேரல் நெளிந்து பிளஞ்சர் பிடித்துக்கொள்ளும், ரேக் நகராமல் சிக்கும்.

ஃப்ளைவீலில் டிகிரி குறியே தெரியவில்லை. என்ன செய்வது?

உச்சப்புள்ளிக் குறி ஒன்றாவது கிடைத்தால் மற்றதை அளந்துகொள்ளலாம். கிராங்க் புல்லியின் விட்டம் 200 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், சுற்றளவு 628 மி.மீ., அதை 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 1.75 மி.மீ. வரும். புத்தகம் 18 டிகிரி என்றால் உச்சக் குறியிலிருந்து விளிம்பில் 31.4 மி.மீ. தள்ளிக் குறி போட வேண்டும். 18 என்பது கணக்குக் காட்டச் சொன்னது, உங்கள் இன்ஜினின் எண்ணைப் புத்தகத்திலோ இன்ஜின் தகட்டிலோ பாருங்கள். அளவை நாடாவை வளைத்து ஒட்டிப் பார்க்காமல், காகிதப் பட்டையைப் புல்லியில் சுற்றி அதில் குறித்து ஒட்டுவது பிசகாது. ரிங் கியர் பற்களை எண்ணியும் செய்யலாம்: 120 பல் இருந்தால் ஒரு பல்லுக்கு 3 டிகிரி. அம்புக்குறி இல்லாவிட்டால் ஏதாவதொரு போல்ட்டின் அடியில் வெல்டிங் கம்பியை மாட்டி முனையைக் கூராக்கிக்கொள்ளுங்கள்.

குறிக்குக் குறி வைத்து மாட்டினால் போதாதா?

அதே எண்ணுள்ள பம்பும், கழற்றும்போது போட்ட தெளிவான குறிகளும் இருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகும், பட்டறைவரை ஓடும். ஆனால் நீங்கள் கோடு இழுத்தது பழைய பம்பின் உடலில். புதிய பம்பில் கம்பெனி வைத்த குறி ஓரிரு டிகிரி தள்ளி இருக்கலாம். லோடோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டிய வண்டிக்குச் சொட்டு பார்ப்பதே சரி. வால்வைக் கழற்றத் தயங்குகிறவர்கள், முதல் ஹோல்டரின் வாய்வரை டீசலை நிரப்பி, இன்ஜினை மெதுவாகச் சுற்றி, அந்த டீசலின் மேற்பரப்பு அசையும் கணத்தைப் பார்த்து நிறுத்துவார்கள். அதில் துல்லியம் குறைவு, ஆனாலும் குறியை மட்டும் நம்புவதைவிட மேல்.

ஏர் எடுப்பது எப்படி?

முதலில் பம்புக்கு ஆயில். சில பம்புகளுக்கு இன்ஜினிலிருந்தே ஆயில் வரும், சிலவற்றுக்குத் தனியே ஊற்ற வேண்டும். பெஞ்சிலிருந்து வரும் பம்பு காலியாக இருக்கக்கூடும் என்பதால் இரண்டு வகையிலும் ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடுங்கள்.

பிறகு ஃபில்டரின் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியால் குமிழி நிற்கும்வரை அடித்து மூடுங்கள். அடுத்துப் பம்பின் ஏர் ஸ்க்ரூவிலும் அப்படியே. கடைசியில் நாசில் பக்க நட்டுகளைத் தளர்த்தி ஸ்டார்ட்டர் போட்டு, டீசல் துடித்து வந்ததும் இறுக்குங்கள். ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் அழுத்தாமல், இடையில் ஆறவிடுங்கள். எவ்வளவு அடித்தும் குமிழி நிற்காவிட்டால் காற்று டேங்கிலிருந்து வரும் வழியில் நுழைகிறது.

முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடிவிடுமா?

ரேக் ஃபுல் நிலையில் சிக்கியிருந்தால் ஓடும், சில விநாடிகளில் இன்ஜினைச் சிதறடித்தும் விடும். ஆகவே ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்டாப் லீவரை இழுத்து விட்டு, ரேக் தடையில்லாமல் போய்வருகிறதா என்று கையால் உணர்ந்து பாருங்கள். ஏர் கிளீனர் ஹோஸைக் கழற்றி, இன்டேக் வாயை முழுதாக மூடும் அளவு தடித்த பலகையோடு ஓர் ஆளை அங்கே நிறுத்துங்கள். கையாலோ துணியாலோ மூட முயலக் கூடாது. துணியை உறிஞ்சிக்கொள்ளும், கையைக் கிழித்துவிடும். சாவியைத் திருப்பி நிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கை மெக்கானிக்கல் பம்பு வண்டிகளில் செல்லாது.

ஸ்டார்ட் ஆகாமல் வெள்ளைப் புகை மட்டும் வருகிறது. ஏன்?

பெரும்பாலும் பம்பு ஒரு சுற்று மாறி உட்கார்ந்திருக்கும். முதல் சிலிண்டர் எக்ஸாஸ்ட் முடிவில் இருந்தபோது பம்பை மாட்டியிருக்கிறீர்கள். டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரிய அங்கே கம்ப்ரஷன் இல்லை. ஆறாவது சிலிண்டரின் வால்வுகளைப் பார்த்து மறுபடி தொடங்குங்கள். இன்னொரு காரணம் பைப்புகள் இடம் மாறியது. ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் எரியும் வரிசை வழக்கமாக 1-5-3-6-2-4. ஆனால் பைப்பு மாட்டும்போது இந்த வரிசையைப் பார்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இந்த லாரிகளின் பம்பில் முதல் வாய் முதல் சிலிண்டருக்கு, இரண்டாவது வாய் இரண்டாவதற்கு என்று நேராகவே போகும். முறைவைப்பைப் பம்பின் கேம்ஷாஃப்ட் பார்த்துக்கொள்கிறது.

ஸ்டார்ட் ஆகி, சுத்தியலால் அடிப்பதுபோல் கடினமாகத் தட்டினால் டைமிங் முந்தியிருக்கிறது. சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை தொடர்ந்து, ஏற்றத்தில் இழுவை இல்லாவிட்டால் பிந்தியிருக்கிறது. முந்திய டைமிங்கோடு ‘வண்டி நன்றாகப் பாய்கிறது’ என்று ஓட்டுகிறவர்கள் ஹெட் கேஸ்கெட்டையும் பிஸ்டனையும் விலையாகக் கொடுப்பார்கள்.

பம்பில் ஈய சீல் வைத்த ஸ்க்ரூக்களைத் திருகலாமா?

கூடாது. அவற்றில் ஒன்று ஃபுல் லோடு டீசல் அளவு, மற்றொன்று உச்ச வேகம். இரண்டும் பெஞ்சில் அளந்து பூட்டப்பட்டவை. கரும்புகை, கூடுதல் டீசல் செலவு, புகைச் சான்றிதழில் தோல்வி ஆகியவையே அதைத் திருகுவதால் கிடைப்பவை. ஆக்ஸிலேட்டர் அழுத்தாதபோது ஓடும் வேகத்துக்கான, சீல் போடாத ஐடில் ஸ்க்ரூவை மட்டும் இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு தொடலாம்.

டீசல் பீறி விரலில் பட்டது. சிறு புள்ளிதான் தெரிகிறது. கழுவிவிட்டால் போதுமா?

போதாது. பழைய நாசில்கள்கூட 200 பார் அளவு அழுத்தத்தில் திறப்பவை. அந்த வேகத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே பரவும். முதலில் வலிகூடத் தெரியாது, சில மணி நேரத்தில் வீங்கி, உள்ளே சதை அழுகத் தொடங்கும். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், ‘அதிக அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறிவிட்டது’ என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். சாதாரண ஊசிக் காயமாகக் கட்டுப்போட்டு அனுப்பிவிட்டால் விரலை இழக்க நேரிடும். கசிவு தேடுவதற்குக் கைக்குப் பதில் அட்டைத் துண்டைப் பிடியுங்கள்.

காமன் ரயில் வண்டியிலும் இப்படிச் செய்யலாமா?

செய்யக் கூடாது. ரயிலில் 1600 பாருக்கு மேலும் அழுத்தம் நிற்கும். ஓடும் இன்ஜினில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும் பழக்கம் அங்கே உயிருக்கு ஆபத்து. டீசல் எப்போது போக வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிப்பதால் சொட்டு முறைக்கும் அங்கே வேலையில்லை. சாலையோரத்தில் ஃபில்டர் மாற்றலாம், கேபிள் இணைப்புகளைப் பார்க்கலாம். அதற்குமேல் கம்பெனி சர்வீஸுக்குச் சொல்லிவிடுவதே நல்லது.

மாட்டிய பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

லோடோடு முதல் ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓடியபின் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தி, கப்ளிங் போல்ட்டுகளையும் பம்பு மவுன்டிங்கையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். பிரஷர் பைப்புகளை இணைத்துப் பிடிக்கும் கிளாம்ப்புகளை மாட்டாமல் விட்டிருந்தால் அதிர்வில் பைப்பு நட்டின் அருகே வெடிக்கும். உபரிப் பொருள் போலத் தெரிவதால் பலர் அவற்றை டூல் பாக்ஸிலேயே விட்டுவிடுகிறார்கள். கழற்றிய பம்பின் வாய்களை மூடி, உள்ளே இருக்கும் டீசலை வடிக்காமல், நிமிர்த்திவைத்த நிலையில் சாக்கில் சுற்றி ஊருக்கு எடுத்துச் செல்லுங்கள். டீசல் வடிந்து உள்ளே ஈரம் பட்டால் எலிமென்ட் துருப்பிடிக்கும். துருப்பிடித்த பம்புக்குச் சர்வீஸ் கடையில் மாற்று விலை கிடைக்காது.